வடிக்காத சாறு

நோன்புக் கஞ்சி சூடாக இருந்தால்தான் ருசி. நீங்கள் பக்கத்து ஊர் காரைதீவுக்காரர், குணம் ஐயா, உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். எனக்கு மட்டும் அது ஆறத்தான் வேண்டியிருந்தது. கொதிக்கும் கஞ்சியில் சாற்றை ஊற்றினால் புரதம் கெட்டுவிடும்.

முதலில் ஒரு திருத்தம். வாக்குமூலத்தில் 'டொக்டர் ஷிப்லி' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவன். ஊரில் யாரும் அந்த வித்தியாசத்தைக் கேட்டதில்லை. நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

சம்மாந்துறையில் பழைய அரிசி ஆலை ஒன்றில் எங்கள் கம்பனியின் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே வலைக்கூட்டுக்குள் புகையிலை வளர்த்தோம். தாய்ப்பாலில் கிருமியை அடக்கும் ஒரு புரதம் உண்டு. அதைச் செய்யும் மரபணுவை அந்தச் செடிக்குள் ஏற்றியிருந்தோம். இலையை அரைத்துப் பிழிந்தால் சாற்றில் அந்தப் புரதம் வரும். பிள்ளைகளின் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து. நல்ல காரியம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாற்றில் புரதம் மட்டும் வராது. நிக்கோட்டின் என்ற புகையிலை நஞ்சும் வரும். அதனால் பல தடவை வடிக்க வேண்டும். கடைசியில், விசேஷமான மணிகள் நிரப்பிய குழாயினூடாகச் சாற்றை விடுவோம். புரதம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், நஞ்சு கழுவப்பட்டுப் போகும். அந்த மணிகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்று மூன்று மாதம் துறைமுகத்தில் கிடந்தன. பெருநாளைக்கு முன் மனிதரில் செய்த சோதனையின் முடிவு வேண்டும் என்றது தலைமையகம். நஞ்சை நான் போடவில்லை, ஐயா. எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

என் உதவி ஆய்வாளர் பஸ்லியா சம்மதிக்கவில்லை.

"சேர், இது இன்னும் சுத்தமாகல்ல. மனிசருக்குக் குடுக்கேலா."

"வெத்திலையோட பொயில போடாத ஆக்கள் நம்மட ஊர்ல ஆரு புள்ள?"

"அவங்க தெரிஞ்சி போடுறாங்க, சேர்."

அது அறிவியல் வாதம் இல்லை. நோன்பு முடியும்வரை அவருக்கு லீவு கொடுத்தேன். சம்பளத்தோடு.

இரண்டு பள்ளிவாசல்களைத் தெரிவுசெய்தேன். ஒன்றின் கஞ்சியில் சாறு, மற்றதில் அதே மாதிரிப் போத்தலில் நிறம் கலந்த தண்ணீர். பத்து நாள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டால் மக்கள் யோசிப்பார்கள், யோசித்தால் வயிறு கலங்கும், முடிவு பிழையாகிவிடும்.

சாறு போன பள்ளியில் கஞ்சி காய்ச்சியவர் மீராசா காக்கா.

"என்ன மருந்து தம்பி இது?"

"சத்து மருந்து காக்கா. புள்ளையளுக்கு வயித்தால போகாது."

"அல்லாஹ் ஒங்களுக்கு பறக்கத் செய்வான்" என்று அவரே அகப்பையைப் பிடித்துக் கலக்கினார். இஞ்சியும் ரம்பை இலையும் புகையிலை வாடையை மூடிவிட்டன.

மூன்றாம் நாள் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். வாந்தி வேறு, வயிற்றோட்டம் வேறு. அதைத் தனியாகக் குறித்தேன். ஊரார் கிணற்றைச் சந்தேகித்தார்கள். குளோரின் போட நானும் ஆள் அனுப்பி உதவினேன்.

ஐந்தாம் நாள் மீராசா காக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நெஞ்சு படபடங்குது தம்பி. மருந்து கூடிட்டோ?"

மிஞ்சிய கஞ்சியை வீணாக்க மனமில்லாமல் மூன்று கோப்பை குடிப்பவர் அவர். எனக்கு அது தெரியும்.

"நோன்பு பிடிச்சா அப்பிடித்தான் காக்கா" என்றேன். நிம்மதியாகப் போனார்.

ஏழாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். அறுபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகையில் நான் முன்வரிசையில் நின்றேன். அடுத்த நாள் கஞ்சி காய்ச்ச அவருடைய மகன் வந்தார். அவரிடமும் போத்தலைக் கொடுத்தேன். நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பத்து நாள் என்று எழுதிவிட்டு ஏழில் நிறுத்தினால் எந்த ஆய்வுச் சஞ்சிகையும் ஏற்காது. ஒன்பதாம் நாள் பஸ்லியா ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார். ஒரு நாள் குறைந்து போயிற்று. ஆனால் வயிற்றோட்டம் ஒருவருக்கும் வரவில்லை. அதையும் எழுதுங்கள்.

எந்தப் பள்ளிக்குச் சாறு, எதற்குத் தண்ணீர் என்று எப்படித் தீர்மானித்தீர் எனக் கேட்டீர்கள். சீட்டுக் குலுக்கித்தான், ஐயா. மனிதனின் விருப்பம் அதில் கலக்கக்கூடாது. முதலில் எடுத்த சீட்டில் சாறு எங்கள் பள்ளிக்கு விழுந்தது. என் மகள் நிப்லா தினமும் அங்கேதான் கஞ்சிக்குப் போவாள். சீட்டு சரியாகக் குலுங்கவில்லை என்று எனக்குப் பட்டது. மறுபடி குலுக்கினேன்.