தன்னைத் தானே பெத்த கிடேரி

…இந்தக் கிடேரி பிறந்து ஒம்பது மாசம்தான் ஆகுது தம்பி. கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னா, இவளுக்கு வயசு பதினொண்ணு, ஏழு ஈத்து கண்டவளாம். மாடு வாங்க வந்தவர், நீங்களே பாருங்க. பால் பல்லுகூட விழல. மடியப் பாருங்க… மடியே இல்லையே, அதத்தான் நானும் சொல்றேன். அந்தா, மைப்பெட்டியோட நிக்கிறார் பாருங்க ஆபீஸர், அவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். "இவாசே சான், மூக்கு ரேகை பொருந்தல, ஏலத்துல ஏத்த முடியாது"ன்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு சொல்றார். அவ்வளவு குனியிறவன நம்பவே கூடாது. முப்பது வருஷம் இந்த மிகாதா மலையில இவங்கள எதுத்து நின்னவன் நான், எனக்குத் தெரியாதா.

மனுஷனுக்குக் கைரேகை, மாட்டுக்கு மூக்கு. அப்பல்லாம் பெரிய பண்ணைக்காரங்க எங்கயோ பிறந்த கன்னுக்குட்டியெல்லாம் இந்தப் பக்கத்து உசந்த ஜாதி தஜிமா மாடுன்னு வித்தாங்க. நான் துண்டறிக்கை போட்டேன். நானே எழுதி, நானே அச்சடிச்சு, பனியில நானே சைக்கிள் மிதிச்சு வீடு வீடாக் குடுத்தேன். 'மூக்கு பொய் சொல்லாது.' அதான் தலைப்பு. சிரிச்சாங்க. இப்பப் பாருங்க, உள்ளூர்ல சாப்பிடற ஆளு குறைஞ்சு போச்சு. சிங்கப்பூர்லயும் பாரிஸ்லயும் இறைச்சித் தட்டுக்குப் பக்கத்துல மூக்கு ரேகையையும் வைக்கிறாங்களாம். அவன் முதல்ல மூக்கப் படிக்கிறான், அப்புறம்தான் வாயத் திறக்கிறான். மூணு மாடு வெச்சிருக்கிற என்ன மாதிரி ஆளுக்கு இப்பதான் காலமே வந்திருக்கு. இவ இனவிருத்திக்குன்னு போனா என் தொழுவம் பிழைக்கும். பேர் இல்லாத இறைச்சியாப் போனா, இந்தக் குளிர்காலத்தோட கதவச் சாத்த வேண்டியதுதான்.

நில்லுங்க தம்பி, ஏலத்துக்கு இன்னும் மணி அடிக்கல.

யாரு ரேகை எடுத்ததா? அது வந்து… ஆபீஸ்காரன் எங்க மாட்டு மூக்கத் தொடக்கூடாதுன்னு போராடி வாங்கின உரிமை தம்பி அது. எங்க ஊருக்கு நான்தான் எடுக்கிறது. இவளப் பதிவு பண்ற அன்னைக்கு மூக்கத் துடைச்சு மை தடவத் தடவ நக்கிக்கிட்டே இருந்தா. நாக்கு கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. இன்னொண்ணு வேணும்னா ஆபீஸ்ல போய்க் கேக்கணும். நான் போய்க் கேக்கிறதா, அவங்ககிட்டயா? பக்கத்துல இவ அம்மா ஃபுகுநாமி தேமேன்னு நின்னா. அவ மூக்குதானே மகளுக்கும் வந்திருக்கும்னு, ஒரு அழுத்து… அவ்வளவுதான்.

இவ காகிதத்துல அம்மா ரேகை, அதனால ஆபீஸ் பதிவுப்படி இவ தன்னைத் தானே பெத்திருக்கா. மறுபடி எடுக்கலாமான்னு கேட்டேன். விதியப் படிச்சுக் காட்டினார். 'ஒரு கோடு மாறினாலும் ஏலத்துக்கு வெளியே. யாருக்கும் சலுகை கிடையாது.' அந்த ரெண்டாவது வரியச் சேக்கச் சொல்லி இதே வாசல் கேட்டுக்கு முன்னாடி மூணு நாள் பட்டினி கிடந்தது யாருன்னு நினைக்கிறீங்க?

சரி, போகட்டும். நாளைக்கே அடுத்த துண்டறிக்கை. 'மூக்கும் பொய் சொல்லும்.' எப்படித் தலைப்பு? உங்க பேரையும் ஆதரவாளர்ல போட்டுக்கறேன். பேரு என்ன சொன்னீங்க… தம்பி?

போயிட்டானா.

நீயாவது கேளுடி. உன்னக் கட்டிப் போட்டிருக்கு, எங்க போவே.