பாட்டு: ரூத்

மனோகரன்: ...இல்லண்ணே, ஒரு கட்டம் கீழ எறக்குங்க. இப்ப பாருங்க. "ரூ" மாரி இருக்கா?

எர்னஸ்ட்: கொக்கி மாரி இருக்கு. செவுத்துல அடிச்சு சட்டை மாட்டலாம்.

மனோகரன்: ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டு கட்டந்தான் குடுக்குது இந்தப் பெட்டி. அதுக்குள்ள தமிழ அடைக்கிறது என்னா ஈசியா? கேம் ஆடுறதுக்குன்னு பினாங்குல கப்பக்காரன்கிட்ட வாங்குன கம்ப்யூட்டர் பெட்டி. பேசாம விமானத்த சுட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்.

எர்னஸ்ட்: ஜித்ராவுல தர்மலிங்கம் இதே பெட்டியிலதான் டிவி முழுக்க நட்சத்திரமா ஓட விட்டு, அந்தப் புரோகிராம கேசட்டுல பதிஞ்சு அனுப்புனான். கடைசியில நம்ம ஊருக்கு என்னா எழுதியிருந்தான்? "கோலா கெத்தில் ஆளுங்களே, முடியுமா?"

மனோகரன்: அவன் இங்கிலீசுலதானே எழுதுனான்.

எர்னஸ்ட்: அதான் நாம தமிழ்ல போடுறோம். ஒரு எழுத்துக்கு ரெண்டு எழுத்தோட எடத்த எடுத்துக்க. ரப்பர் மரம் வரிசையா நகரணும், மேல நெலா, அடியில எழுத்து ஓடணும். காலையில மொத பஸ்ஸுல கேசட்டு போவணும்லா.

மனோகரன்: போவும், போவும். ...அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?

எர்னஸ்ட்: மெதுவா பேசு. குசினியில சமைச்சுக்கிட்டுதான் இருக்கா.

மனோகரன்: அப்ப சொல்லல.

எர்னஸ்ட்: எப்படிச் சொல்றது? ஒன் பாட்டு டேப்பு மேல பூச்சி கத்துற மாரி சத்தம் பதிவாயிருச்சு, மன்னிச்சுக்கன்னா?

மனோகரன்: இடி இடிச்சப்ப நான்தான் அவசரப்படுத்துனேன். கரண்டு போச்சுன்னா அடிச்சதெல்லாம் போச்சு, ஒடனே பதிவு பண்ணுங்கன்னேன். ரெக்கார்டர்ல எந்த டேப்பு கெடக்குன்னு ரெண்டு பேருமே பாக்கல.

எர்னஸ்ட்: பட்டன அமுக்குனது நான். பிஸ்கட் டின்னுல பத்திரமா வச்சிருந்த டேப்புலா அது. நான் எடுத்துக் கேட்டுட்டு உள்ளயே விட்டுட்டேன். பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தி, கல்யாணம் பேச வந்த மோரிஸ் மாமா போட்டோவோட சேத்துக் கொண்டாந்தாரு. "பொண்ணு பாட்டக் கேளு தம்பி"ன்னாரு.

மனோகரன்: பாட்டு முடியறதுக்குள்ளயே நீங்க சரின்னுட்டீங்களாமே. எஸ்டேட்டுல இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாங்க.

எர்னஸ்ட்: அந்தப் பாட்டத்தான் ஞாபகத்துல இருந்து எடுத்து இதுல அடிச்சிருக்கேன். இந்தப் பெட்டிக்கு மூணே குரலு. ஒண்ணு மெட்டு, ஒண்ணு கோரஸ், ஒண்ணு அடித்தொண்ட. மிச்சம் ஒரு இரைச்சல் வருதுல்ல, அத நறுக்கி தபேலா ஆக்கிட்டேன்.

மனோகரன்: கடைசியில "பாட்டு: ரூத்"துன்னு பேரு வேற. லஞ்சம்.

எர்னஸ்ட்: லஞ்சந்தான். கோவம் கொஞ்சமாச்சும் கொறையாதா...

ரூத்: யாருக்கு என்னா கோவம்?

மனோகரன்: ...தர்மலிங்கத்துக்கு அண்ணி. இதப் பாத்துட்டு.

ரூத்: தள்ளு, தே ஓ கிளாஸ வைக்கணும். அந்தக் கீபோர்டு மேல ஒரு சொட்டு சிந்துனாலும் ஒங்கண்ணே சாப்புட மாட்டாரு.

எர்னஸ்ட்: உக்காரு ரூத். ஓட்டிக் காட்றேன்.

ரூத்: இதுல யாரு யாரச் சுடணும்?

மனோகரன்: யாரும் யாரையும் சுட வேணாம் அண்ணி. ஆடுறதுக்கு இல்ல. பாக்குறதுக்கும் கேக்குறதுக்கும் மட்டுந்தான்.

ரூத்: அதுக்கா இத்தன நாளு கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க? ...அட. மரமெல்லாம் நடக்குது.

மனோகரன்: முன்னால உள்ளது வேகமா, பின்னால உள்ளது மெதுவா. கெரேத்தாவுல ஜன்னலோரம் உக்காந்து போறப்ப அப்படித்தானே தெரியும்.

ரூத்: நெலாவுல ஒரு பக்கத்தக் காணோமே.

மனோகரன்: கட்டம் பத்தல. பிறைன்னு வச்சுக்குங்க.

ரூத்: நல்லாத்தான் இருக்கு... இருங்க. இந்தப் பாட்டு...

எர்னஸ்ட்: தெரியுதா?

ரூத்: தெரியாம? கிறிஸ்மஸ் கொயர் பாட்டு. அந்த ஒரு எடத்துல இழுத்து எறக்குவாங்களே, அதுகூட அப்படியே...

எர்னஸ்ட்: அந்த எடத்துக்குத்தான் ராத்திரியெல்லாம் முழிச்சு ரொம்ப சூசாப் பட்டேன்.

ரூத்: அடியில என்னா ஓடுது? "கோலா கெத்தில், 1987... வணக்கம் ஜித்ரா... வணக்கம் பண்டார் பாரு... படம்: மனோகரன்... இசை: எர்னஸ்ட்... பாட்டு..."

மனோகரன்: வாசிங்க அண்ணி. அந்த "ரூ"வுக்குத்தான் என் உசுரு போச்சு.

ரூத்: என் பேர எடுங்க.

எர்னஸ்ட்: ஏன்?

ரூத்: எடுங்கன்னா எடுங்க. ஜித்ராவுக்குத்தானே போவுது இது? தர்மலிங்கம் வீட்டுக்கு எதுத்த வீட்டுலதான் எங்க ஜோன் அக்கா இருக்கு.

எர்னஸ்ட்: இருந்தா என்னா? தங்கச்சி பேரு தர்மலிங்கம் வீட்டு டிவியில வருதுன்னு சந்தோசந்தானே படுவாங்க?

ரூத்: ஐயோ, வேணாங்க. சொன்னா கேளுங்க.

எர்னஸ்ட்: ...ரூத். ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?

ரூத்: என்னா தெரிஞ்சிருச்சா?

மனோகரன்: அண்ணே, நான் போயி சாப்புட மீ வாங்கியாந்துர்றேன்...

எர்னஸ்ட்: உக்காருலா. ...ஒன் டேப்பு அழிஞ்சுபோச்சு ரூத். நான்தான் அழிச்சேன். தெரியாம அது மேல புரோகிராம பதிஞ்சிட்டேன்.

மனோகரன்: பாதி தப்பு என்னோடது அண்ணி.

ரூத்: ...முழுசாவா?

எர்னஸ்ட்: முழுசா.

ரூத்: ஒரு வரிகூட இல்லயா?

எர்னஸ்ட்: ஒரு வரிகூட இல்ல.

ரூத்: ...கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மனோகரன்: அண்ணே, அண்ணி சிரிக்கிறாங்க. எனக்கு பயமா இருக்கு.

ரூத்: நானே அழிச்சிரலாம்னு எத்தன தடவ அந்த டின்னத் தெறந்திருக்கேன். கை வரல. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் "என் வீட்டுக்காரி பாட்டு"ன்னு நீங்க போட்டுக் காட்டுறப்ப எனக்கு ஒரே பயம்.

எர்னஸ்ட்: எதுக்குப் பயப்படணும்?

ரூத்: அதுல பாடுனது நான் இல்லீங்க. ஜோன் அக்கா. மோரிஸ் மாமா கையில கெடச்ச டேப்பத் தூக்கிட்டு வந்து பொண்ணு பாட்டுன்னு சொல்லிட்டாரு. நீங்க அதக் கேட்டுத்தான் சரின்னீங்கன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்குத்தான் தெரியும். அப்பறம் எந்த வாயால சொல்றது? அந்தக் குரலத்தானே நீங்க கட்டிக்கிட்டீங்க. நான் பாடுனா எஸ்டேட்டு லயத்து நாயிகூட எந்திரிச்சுப் போயிரும்.

மனோகரன்: அலாமாக்.

ரூத்: நீ சும்மா இரு. என்னங்க, திட்டவாச்சும் செய்யுங்க.

எர்னஸ்ட்: தெரியும்.

ரூத்: என்னா தெரியும்?

எர்னஸ்ட்: கல்யாணமாயி மொத ஞாயித்துக்கெழமையே தெரியும். சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடுன. மெதுவாத்தான் பாடுன... ஆனா எனக்குக் காது இருக்குல்ல.

ரூத்: ...அப்பறம் எதுக்கு இந்தப் பயம் பயந்தீங்க? அந்த டேப்பு போனா ஒங்களுக்கு என்னா?

எர்னஸ்ட்: அதப் போட்டா மட்டுந்தான் நீ அடுப்புல உள்ளத எறக்கி வச்சிட்டு ஓடியாந்து என் பக்கத்துல உக்காருவ. பாட்டு முடியற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்ப. இனிமே எதப் போட்டு ஒன்னக் கூப்புடுவேன்னுதான் பயந்தேன்.