பாதி அட்டை

— வரிசையா ஆர், ஆர்னு போட்டிருக்கே, ரைட்டுன்னு அர்த்தமா?

— இருபது வருஷமா மெடிக்கல் வெச்சிருக்கீங்க மாமா. லேப்ல வேலை பாக்கற மச்சினிகிட்ட கேக்கற கேள்வியா இது? ஆர்னா அந்த மருந்து இந்தக் கிருமிகிட்ட எடுபடாது. எஸ்னாதான் எடுபடும்.

— கடைக்கு மருந்துச் சீட்டுதான் வரும். இதெல்லாம் யாரு கொண்டு வந்து காட்டறா? மூத்திர டெஸ்டுக்குப் பாட்டில் குடுத்திருக்கேன், ரிசல்ட் வாங்கிட்டு வாங்கன்னு உங்கக்கா சொன்னா, வந்தேன். சரி, என்ன கிருமி?

— ஈ கோலை. எல்லார் குடல்லயும் இருக்கறதுதான். அங்க இருக்கற வரைக்கும் சாது. வழி தவறி மூத்திரப் பைக்குப் போனா எரிச்சல், காய்ச்சல் எல்லாம்.

— அப்போ பழைய கதைதான். உங்கக்காவுக்கு வருஷத்துக்கு நாலு தடவை வரும். ரெண்டு நாள் மாத்திரை குடுப்பேன், எரிச்சல் நின்னுடும்.

— ரெண்டே நாளா?

— நின்னப்புறம் எதுக்கு? மீதிய அட்டையோட ஃப்ரிட்ஜ் மேல டப்பால போட்டு வெச்சுடுவா, அடுத்த தடவைக்கு ஆகும். கடையிலயும் பாதி அட்டைதான், கத்திரிக்கோலால வெட்டிக் குடுத்துடுவேன். கைராசிக்காரன்னு பேரு.

— நல்ல ராசி. ரெண்டு நாள்ல செத்ததெல்லாம் நோஞ்சான் கிருமி. தாக்குப் பிடிச்சது பெருகிடுச்சு. அடுத்த தடவை வேற மாத்திரை குடுத்திருப்பீங்க. அதுக்கும் அதே கதை. இங்க வாங்க, கிருமிய வளத்த இந்தத் தட்டைப் பாருங்க. பதினாலு மருந்து வில்லை வெச்சேன். மருந்து வேலை செஞ்சா வில்லையச் சுத்தி கிருமி வளராம வட்டமா வெறுமையா இருக்கும். பதிமூணுல வில்லைய முட்டிக்கிட்டு வளந்திருக்கு.

— பாடம் எடுக்காதம்மா. அந்தப் பதினாலாவது என்ன?

— ஊசி. ஆஸ்பத்திரில படுத்து ஏழு நாள் ஏத்தணும்.

— ஏழு நாளா? அதெல்லாம் வேணாம். தண்ணி நெறைய குடிக்கச் சொல்றேன். கடைக்குப் புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, அதைக் குடுத்துப் பாக்கறேன்.

— அதுவும் இதுல இருக்கு. அஞ்சாவது வரி.

— ஆர்.

— கிட்னிக்கு ஏறியிருக்கும்னு டாக்டர் சந்தேகப்படறார். அவளை இன்னிக்கே சேக்கணும்னு சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்கு மாமா.

— என்னம்மா நீ, பெருசாக்கறே. காலைலகூட நின்னு சமைச்சுட்டுதானே இருந்தா? தவிர, பாப்பா வேற மூணு நாளா காய்ச்சல்ல சுருண்டு கெடக்கா. இவ போய் ஆஸ்பத்திரில படுத்துட்டா அவளை யாரு பாத்துப்பா?

— நீங்க யாரைப் பத்திப் பேசறீங்க?

— உங்கக்காவைத்தான்.

— சீட்டுல மேல வயசுன்னு ஒரு கட்டம் இருக்கும். படிங்க.

— அஞ்சு.

— பாட்டிலைக் கொண்டு வந்ததுதான் அக்கா. உள்ள இருந்தது பாப்பாவோடது. ஒரே வீடு, ஒரே பாத்ரூம். மருந்துக்கு அசையாத கிருமி அக்கா வயித்துலேர்ந்து பாப்பா வயித்துக்குப் போக அது போதும் மாமா.

— இல்லம்மா, எங்கயோ பாட்டில் மாறிப் போச்சு. இந்தச் சீட்டுல இருக்கற மருந்துல ஒண்ணைக்கூட பாப்பாவுக்கு நான் இதுவரைக்கும் குடுத்ததே இல்லையே.