மூன்று கடனும் ஒரு கையெழுத்தும்

கடன் கேட்டு வருபவர்களை எனக்குப் பிடிக்கும், ஐயா. மசாக்காவில் பதினொரு வருடம் வங்கிக் கடன் அதிகாரியாக இருந்திருக்கிறேன். ஒருவரையும் நிற்க வைத்துப் பேசியதில்லை.

வலுசிம்பி வீட்டை ஒட்டிக் காப்பிக்கொட்டை தோலுரிக்கும் ஆலை வைத்திருந்தார். இயந்திரத்துக்கு ஒரு கடன், கொள்முதலுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. மூன்று தவணை கட்டித் திண்டாடினார். மூன்றையும் ஒரே கடனாக்கிக் கொடுத்தேன். வட்டி குறைந்தது, மாதம் ஒரே தவணை. ஆபத்தையும் நான் மறைக்கவில்லை. ஒரு தவணை தவறினாலும் ஆலை, லாரி, வீடு எல்லாம் சேர்ந்து போகும் என்றேன். சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்க எங்கள் சட்டப்படி மனைவியின் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் அடமானம் செல்லாது. அவர் மனைவி நமத்தோவு பிறகு கையெழுத்துப் போடுவார் என்று நம்பிப் பணத்தை முன்பே கொடுத்துவிட்டேன். அது என் தவறுதான்.

நமத்தோவு இரட்டைப் பிள்ளை பெற்றவர். அதனால் ஊரே அவரை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும்.

"நாலோங்கோ, ஒரு கையெழுத்துதானே. உங்க வீட்டுக்காரருக்காகத்தானே கேக்குறேன்."

"லாரிய எடுத்துக்கோங்க, ஆலையக்கூட எடுத்துக்கோங்க. எம் பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கிற தகரத்தத் தொட்டா கைய ஒடிச்சிருவேன். சாப்பிட்டுட்டுப் போங்க, மத்தோக்கே வாழைக்காய் வெந்துருச்சு."

ஐந்தாம் முறை போனபோது, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். போயிருந்தால் அடமானமும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. மனைவியை இழந்தவருக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். வலுசிம்பி சந்தைக்குப் போயிருந்தார். எங்கள் பெண்கள் விருந்தாளியை முழந்தாளிட்டு வரவேற்பார்கள். அவ்வளவு கோபத்திலும் நமத்தோவு அந்த மரியாதையை விடவில்லை. அவர் குனிந்தபோது ஆலையின் இரும்புத் தடியால் தலையில் அடித்தேன். "பிள்ளைங்க" என்றார். இன்னும் நான்கு அடி தேவைப்பட்டது. ஒரு பல் என் சட்டைப் பையில் விழுந்திருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

அடக்கத்துக்கும் போனேன். பின்வீட்டில் குடியிருக்கும் உறவுக்காரி என்று நான் நினைத்திருந்த நகிபூலே, மனைவிக்குரிய இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"தெரியாதா? ரெண்டாவது சம்சாரமாச்சே. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஊரக் கூட்டி முறைப்படி கட்டினாரு."

அந்த மனையில் வாழும் ஒவ்வொரு மனைவியும் சம்மதிக்க வேண்டும். மறுவாரம் பத்திரத்தோடு நகிபூலேயிடம் போனேன்.

"அக்கா போடாத கையெழுத்த நான் போட மாட்டேங்க."

அவரும் முழந்தாளிட்டுத்தான் சொன்னார். தடி உங்கள் வசம் இருந்ததால் கல்லை எடுத்தேன். வெகுநேரம் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடன் விண்ணப்பத்தில், மனைவிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. வலுசிம்பி 'ஒன்று' என்று எழுதியிருக்கிறார். வங்கியிடம் பொய் சொல்வது குற்றம், ஐயா. இரண்டு பெண்களின் சாவுக்குக் காரணமான அந்த மனிதரை நீங்கள் ஏன் இன்னும் கைது செய்யவில்லை?