கூம்ஸ் ஓடையின் நான்கு பீவர்கள்

ஏப்ரல் மாதம் வந்தால் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும், மேடம். மற்றபடி அறுபத்து மூன்று வயதில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நடுநடுவே நான் மூக்கைத் துடைத்துக்கொண்டால், அழுகிறேன் என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த அனுமதித் தாளில் வெர்னா ஹாஸ்கெல் என்று கையெழுத்துப் போட்டது யார் என்று. நான்தான். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் ஏன் என்பதையும் சொல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். இந்த ஊரில் ஆர்மண்ட் லவ்வாவைத் தப்பாக நினைப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

இருபத்தாறு வருடமாக இங்கே பீவர் பிடிப்பவன் நான். நீங்கள் தெற்கே நகரத்தில் வளர்ந்தவர் என்றீர்கள், அதனால் சொல்கிறேன். பீவர் என்பது நாய் அளவு நீர்ப்பிராணி, மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும். அதற்கு ஓடுகிற தண்ணீரின் சத்தம் ஆகாது. எங்கே சலசலப்புக் கேட்டாலும் அங்கே குச்சியும் சேறும் கொண்டுவந்து அடைத்துவிடும். சாலைக்கு அடியில் ஓடை போகிற குழாயை ஒரே ராத்திரியில் அடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். காலையில் பள்ளிக்கூடப் பேருந்து வந்து ஏரிக்கரையில் நிற்கும். உருளைக்கிழங்கு வயல் அழுகும். வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறும். அப்போதுதான் என் தொலைபேசி அடிக்கும்.

மனிதர்கள் நம்மைப் பார்த்தவுடன் முகம் மலர்கிற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள். உங்கள் வேலையில் கிடைக்காது என்று நினைக்கிறேன். நான் வண்டியை நிறுத்துவதற்குள் காபி வந்துவிடும். பக்வீட் மாவு அப்பம் வந்துவிடும். போகும்போது புளூபெர்ரி கேக்கை வண்டிக்குள் வைத்துவிடுவார்கள். என் பொறி நொடியில் முடித்துவிடும். ஒரு பீவரைக்கூட நான் துடிக்கவிட்டதில்லை. தோலை விற்பேன், கறியை வீணாக்க மாட்டேன். கூப்பிடாமல் யார் ஓடையிலும் கால் வைத்ததில்லை. நிலத்துக்காரர் தொல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகுதான் பொறி. சட்டம் அப்படி. என் மனசாட்சியும் அப்படி.

ஐந்து வருடத்துக்கு முன் வெர்னா டீச்சர் வந்து சேர்ந்தார். தெற்கே ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூம்ஸ் ஓடைக்கரையில் இருந்த பழைய வீட்டை வாங்கினார். நல்ல உயரம். வெயிலோ மழையோ, எப்போதும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அந்த மார்ச் மாதம் பள்ளிக்கூட அரங்கில் ஊர்க்கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று, பீவரைக் கொல்லத் தேவையே இல்லை என்றார். அணை அதுபாட்டுக்கு இருக்கட்டும். அதன் ஊடே ஒரு நீளக் குழாயைச் சொருகி, முனையில் கம்பிக்கூண்டு போட்டால், பீவருக்கே தெரியாமல் தண்ணீர் வடிந்துவிடும். பீவரும் பிழைக்கும், சாலையும் பிழைக்கும்.

சாலை மேஸ்திரி டுவேன் மிஷோ பின்வரிசையிலிருந்து சொன்னான்: "டீச்சரம்மா, பீவருக்குப் பாவம் பாத்துக்கிட்டிருந்தா நாங்க ஸ்கூல் பஸ்ஸுக்குத் துடுப்பு மாட்டணும்."

அரங்கமே சிரித்தது.

"மாட்டிடுங்க டுவேன்," என்றார் அவர். "நீங்க போட்ட ரோட்டுல போறதுக்குத் துடுப்பு இருந்தாத்தான் நல்லது."

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. டுவேனே சிரித்தான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

குழாய் போட ஊரில் யாரும் கை கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். என் வண்டியில்தான் குழாய்கள் போயின, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பிக்கூண்டைக் கட்டியதும் நான்தான். வேலை முடிந்து வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டோம். அப்போது அவர் கேட்டார்:

"ஆர்மண்ட், ஒரு பிராணியத் தொல்லைன்னு யாரு முடிவு பண்றது?"

"நிலத்துக்காரர்தான் டீச்சர். கையெழுத்துப் போடறாரே."

"பேனாவ பீவர் கையில குடுத்தா அது டுவேன் பேரத்தான் எழுதும்."

"எழுதட்டும். டுவேன் சைஸுக்கு என்கிட்ட பொறி இல்ல."

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்க வெச்சு மழுப்பாதீங்க," என்றார். "முன்ன உங்களுக்கு வேற வழி தெரியாது. சரி. கொல்லாமலே சமாளிக்கலாம்னு தெரிஞ்சப்புறமும் கொன்னா அதுக்கு என்ன பேரு? வேலையா, பழக்கமா?"

"தண்ணி உங்க நிலவறைக்குள்ள வரட்டும் டீச்சர். அப்ப பேசலாம்."

"வந்தா இன்னொரு குழாய் போடுவேன். உங்கள மட்டும் கூப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கும் கோபமில்லை.

குழாய் வேலை செய்தது. ஓடையைக் கடக்கிற மில் சாலையில் அந்த வருடம் தண்ணீர் ஏறவில்லை. அடுத்த வருடம் வயல்காரர்கள் ஒவ்வொருவராக டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்றாவது வசந்தத்தில் என் தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று தங்கை வீட்டிலிருந்து என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. எல்லோரும் கையசைத்தார்கள், கொஞ்சம் கூடுதல் அன்பாகவே. தேவாலயத்து பீன்ஸ் விருந்தில் டீச்சர் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு, "ஆர்மண்ட், இப்ப நிம்மதியா மீன் பிடிக்கலாம் இல்ல?" என்று கேட்டார்கள். மீன் பிடிப்பதில் எனக்கு நாட்டம் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியது. டீச்சர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அவர் அதைக் காய்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். சொந்த நிலவறை நனைந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டால் நான் ஒப்புக்கொள்வேன். ஒரே ஒரு தடவை அவர் என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். டீச்சருக்குப் பரிசோதனைகள் பிடிக்கும். நான் ஒரு பரிசோதனை செய்தேன்.

போன செப்டம்பரில், நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குட்டையில் உயிரோடு பிடிக்கும் கூண்டு வைத்து ஒரு குடும்பத்தைப் பிடித்தேன். ஆண், பெண், இரண்டு குட்டிகள். ஈரச் சாக்குப் போர்த்தி, வழியில் மூன்று தடவை நிறுத்தித் தண்ணீர் தெளித்து, பத்திரமாகக் கொண்டுவந்தேன். டீச்சர் வீட்டுக்கு மேலே, ஓடை வளைகிற இடத்தில் விட்டேன். பீவரை உயிரோடு விட்டது அதுதான் முதல் தடவை. குட்டிகள் தாயின் வாலைத் தொடுகிற தூரத்திலேயே நீந்திப் போயின. பார்க்க நன்றாக இருந்தது, மேடம். அதை மறைக்கவில்லை.

பத்து நாளில் டீச்சர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சிறுபிள்ளை மாதிரி மூச்சு வாங்கியது.

"ஆர்மண்ட், எனக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. வந்து பாருங்க."

"யாரு டீச்சர்?"

"ஒரு குடும்பமே வந்திருக்கு. இந்தப் பக்கம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல."

போய்ப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். எனக்கு நடிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவை கட்டிய அணையில் அவர் வழக்கம்போலக் குழாய் போட்டார். வியாழக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படிப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் குழாயை அடைப்பேன். பீவர் கடித்துப் போட்ட குச்சிகளையே பொறுக்கி, அவை வைக்கிற சாய்வில் வைத்து, அவை பூசுகிற மாதிரியே சேறு பூசுவேன். எந்த வனக்காவலர் வந்து பார்த்தாலும் பீவர் வேலை என்றுதான் சொல்லியிருப்பார். டீச்சர் வெள்ளிக்கிழமை முழுக்க நின்று அதைப் பிரிப்பார். ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "இதுங்க ரொம்பக் கெட்டிக்காரங்க ஆர்மண்ட். நான் பாத்ததிலேயே கெட்டிக்காரங்க இதுங்கதான்," என்றார். அன்று முழுவதும் எனக்கு உற்சாகமாக இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் அணையில் தேங்கிய தண்ணீர் கரை வழிந்து டீச்சர் வீட்டு நிலவறைக்குள் வந்தது. உருளைக்கிழங்கு மிதந்தது. ஊறுகாய்ப் பாட்டில்களை நான்தான் படியேற்றி மேலே கொண்டுவந்து வைத்தேன். என் சட்டைப் பையில் அனுமதித் தாள் இருந்தது, பேனாவும் இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். ரெண்டே நாள்ல முடிச்சுடறேன். வலிக்காது அதுங்களுக்கு."

"வேண்டாம் ஆர்மண்ட்."

"நிலவறை போச்சே."

"நிலவறைதானே. குட்டிங்களுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல." தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தார். அவர் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு தெரியுது. நீங்க நல்லவரு. ஆனா இது எனக்கும் அதுங்களுக்கும் நடுவுல. நாங்க பேசித் தீத்துக்கறோம்."

தேநீர் குடித்துவிட்டு, தாளை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஓடை உறைந்துவிட்டது.

இந்த ஏப்ரலில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பனி உருகி, அணை உடைந்தது. கீழே மில் சாலைக் குழாயின் கூண்டில் சிக்கிய பனிக்கட்டியை அகற்ற டீச்சர் ஓடைக்குள் இறங்கி நின்றிருந்தார். வயல் திருப்பத்தில் மதியம் அவரைக் கண்டெடுத்தார்கள். சாலையும் இருபதடிக்கு அறுந்துபோனது.

மாலையில் டுவேன் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அழுதிருந்தான்.

"உன்ன விட்டுட்டுக் குழாய நம்பினோம்பா. போய் அதுங்கள முடிச்சுடு."

நான்கையும் இரண்டு நாளில் முடித்தேன். அதற்குத்தான் அந்தத் தாள். நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாமல் பொறி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நிலத்துக்காரர் உயிரோடு இல்லை. அதனால் முந்தின வாரத் தேதி போட்டு நானே எழுதினேன். அவர் அக்கா ரூத் உங்களிடம், என் தங்கை செத்தாலும் இதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள் என்றார்களாம். சரியாகச் சொன்னார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த ஒரே முறைகேடு அது.

ஊர் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு மறுநாள் எல்லாக் குழாய்களையும் பிடுங்கிவிடலாம் என்று முடிவானது. அந்த ஒரே வாரத்தில் எனக்குப் பதினோரு அழைப்பு. அடுப்படி மேசையில் கேக் வைக்க இடமில்லை. நீங்கள் வந்த அன்று பார்த்திருப்பீர்கள்.

உடைந்த அணையின் அந்தப் புகைப்படத்தை நீங்கள் இரண்டு தடவை திருப்பிப் பார்த்ததைக் கவனித்தேன். உங்களுக்கு நல்ல கண். வெள்ளம் உடைக்கிற அணை மேலிருந்து கரையும். இது அடியில் திறந்திருக்கிறது. அடிக்கட்டையை ஒருவர் கொக்கி போட்டு இழுத்தால்தான் அப்படித் திறக்கும். எந்தக் கட்டை என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

அணை உடைந்த அன்று, விடிந்தும் விடியாத நேரம். இன்னொரு தடவை நிலவறை நனைந்தால் கூப்பிடுவார் என்றுதான் போனேன். ஏழு மணிக்கு முன் அவர் எழுந்திருக்க மாட்டார். ஆனால் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கீழே சாலைக் குழாயருகே மஞ்சள் கோட்டு தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். உதவிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கையை உயர்த்தி அசைத்தார். நானும் அசைத்தேன்.

அங்கிருந்து கத்தினால் கேட்கும். அவர் கரையேறும்வரை காத்திருக்கவும் செய்யலாம். அதற்கெல்லாம் நேரம் இருந்தது. அப்போதுதான் பெரிய பீவர் என் வாடை பட்டு வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்தது. துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்கும். பின்னாலேயே மற்ற மூன்றும் அடித்தன. ஆபத்து, ஓடிவிடு என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது அப்படித்தான். நூலகத்தில் மேசைமேல் உள்ளங்கையால் அடித்துக் குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே டீச்சர்தான். அந்த மொழி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவருக்குத் தகவல் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, கட்டையை இழுத்தேன்.