கதவில் ஒரு சொட்டை

திருவொற்றியூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கையில் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் டாக்சி, கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக. பாகம் பாகமாக வாங்கி அவளே ஒட்டி, பெயிண்ட் அடித்ததாம்.

“யக்கா, இந்தக் கதவ நசுக்கணும். எப்டி நசுக்குறது?”

“அழகா கீதே. ஏண்டி கெடுக்குற?”

“நைனா ஓட்டுன வண்டி மாரியே வேணும். அத்த வித்து ரொம்ப நாளாச்சி. அதுல இந்தக் கதவு சொட்டயா இருக்கும்.”

“யாரு இட்ச்சது?”

“அவருதான். நான் பொறக்க சொல்ல, அம்மாவ ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாரு. ஆஸ்பத்திரி கேட்டுல இட்ச்சிட்டாரு. அப்பால கடைசி வரிக்கும் அத்த சரி பண்ணவே வுடல.”

மூத்தவள் டாக்சியை வாங்கி, கதவை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஸ்பூன சூடு பண்ணி வெச்சி அழுத்து. மெதுவா அழுத்து, ஓட்ட வுயுந்துடப் போது.”