கம்ப்யூட்டரில் வெடிக்காத குழாய்

மகளுக்கு இதய எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டுச் சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில் ஒருவர் தன் மச்சானிடம் பெருமையடித்தார்.

"என் வயித்துல வீங்கியிருக்கே பெரிய ரத்தக்குழாய், அத கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ரத்தம் ஓடவுட்டாங்கடா. வெடிக்கவே இல்ல."

"ரத்தம் எங்க ஜாஸ்தியா மோதுதுன்னு பாக்கத்தான் மாமா அது. கொழா அசையாத இரும்பு மாதிரின்னு கணக்குக்கு வெச்சிக்கிட்டாங்க, அப்புறம் அது எப்படி வெடிக்கும்? டாக்டரு சொன்னாருல்ல?"

"அப்ப ஆபரேஷன் வேணாம்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற மாமாவுக்கு வேணாம். அவரு பீடியும் குடிக்கமாட்டாரு. அக்காவ அவருக்கே கட்டிவெச்சிடலாமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வயிற்றில் கைவைத்தபடி மெதுவாகக் கேட்டார்.

"கிழிச்சா பொழைப்பனாடா?"

மச்சானின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"கிழிச்சாத்தான் மாமா."